பச்சைக் கம்பியும் கறுப்புக் கம்பியும்

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவளாக இருந்தேன். நாள்தாளில் ராகு காலம் எமகண்டத்தின் இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறதா, அமாவாசை ஒரு கட்டம் தள்ளிப் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சரியாக இருக்கிற எழுத்தையும் நம்பாமல் இன்னொரு தடவை பார்க்க வேண்டும். மாலையில் பஸ் ஏறும்போது அந்தப் பழக்கத்தை அங்கேயே விட்டுவிட்டு வர எனக்குத் தெரியவில்லை. திருத்தங்கலில் வீட்டுப் படியில் கால் வைக்கும்போதே கண் பிழை தேட ஆரம்பித்துவிடும்.

என் கணவர் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். மருந்து கலக்கும் அறைகளில் மின்சார இணைப்பே கிடையாது. உள்ளே போகிறவர்கள் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பிலிருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும். நைலான் துணி கூடாது. ஒவ்வொரு அறை வாசலிலும் மணலும் தண்ணீரும் தயாராக இருக்கும். இந்தச் சட்டங்களை எல்லாம் அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். எங்கள் வீட்டில் பருத்தியைத் தவிர வேறு துணி இல்லை. ஒரு பிளக்கில் இரண்டு சாமான் மாட்டக் கூடாது. ஒயர் தரையில் கிடப்பதைப் பார்த்தால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. மாடிப்படிக்கு அடியில் ஒரு வாளித் தண்ணீர் எப்போதும் நிறைந்திருக்கும். கொசு முட்டையிடுகிறது என்று நான் கொட்டிவிட்டால், மறுபடி நிரப்பி வைப்பார்.

எங்களுக்கு ஒரே மகன். அப்போது விருதுநகர்ப் பக்கம் பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தான். செல்போன் எல்லோர் கைக்கும் வந்திராத காலம். எங்கள் வீட்டில் கூடத்தில் ஒரு தரைவழிப் போன் இருந்தது. அச்சகத்தில் பழைய கம்ப்யூட்டர்களை மாற்றியபோது ஒன்றைக் கேட்டு வாங்கி, படிக்கட்டும் என்று அவனுக்குக் கொண்டுவந்து கொடுத்திருந்தேன். கொஞ்ச மாதம் ஓடியது. பிறகு நின்றுபோனது. கேட்டதற்கு வைரஸ் என்றான். நானும் கம்ப்யூட்டர் இருக்கும் இடத்தில் வேலை பார்க்கிறவள். வைரஸ் வந்த பெட்டியின் விளக்காவது எரியும் என்பது எனக்குத் தெரியும். அவன் காலேஜ் போயிருந்தபோது பெட்டியை நகர்த்திப் பின்பக்கம் பார்த்தேன். மின்சாரம் நுழையும் இடத்தில் சதுரமாக ஒரு பெரிய ஓட்டை. கையை விட்டால் முழங்கை வரைக்கும் போனது. உள்ளே இருந்த ஏதோ ஒரு டப்பா போயிருந்தது. அந்தக் காலி இடத்தில் எதை வைக்கப் போகிறான் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றிய கேள்வி.

அதற்குப் பிறகு எல்லாமே கண்ணில் படத் தொடங்கியது. விரல் நுனிகளில் கறுப்பு, பிசுபிசுப்பாக ஒட்டிக்கொண்டு, சோப்புப் போட்டாலும் போகாமல். சட்டையில் கருகிய வாடை. மாடியில் தகரம் போட்ட ஓர் அறை உண்டு, பழைய சாமான் போடுகிற இடம். அதற்குப் புதுப் பூட்டு. எல்லாவற்றையும்விட என்னை உறுத்தியது அவன் குளிப்பது. அப்பா வருவதற்கு முன்னால் சாயங்காலம் ஒரு குளியல். எங்கள் ஊரில் சாயங்காலம் குளித்துவிட்டு மறு வேலை பார்க்கிறவர்கள் மருந்தில் கை வைத்தவர்கள்தான். என் கணவரும் அப்படித்தான், நேரே குளியலறை. காலேஜுக்குப் போய்விட்டு வருகிற பையன் எதைக் கழுவுகிறான்?

வெளியூர்க்காரர்களுக்கு இது புரிய ஒன்று சொல்ல வேண்டும். பட்டாசின் முனையில் தொங்குகிறதே திரி, அது சிலவற்றில் கறுப்பாக இருக்கும், சிலவற்றில் பச்சையாக இருக்கும். கறுப்பு என்பது நூலில் மருந்தைத் தோய்த்துக் காயவைப்பது. கருந்திரி என்போம். லைசென்ஸ் உள்ள இடத்தில்தான் செய்ய வேண்டும். ஆனால் தீபாவளி நெருங்கி ஆர்டர் குவியும்போது திரிக்குத் தட்டுப்பாடு வந்துவிடும். அப்போது வீடுகளில் திருட்டுத்தனமாகச் சுற்றுவார்கள். கட்டிலுக்கு அடியில், மாடி அறையில், சில வீடுகளில் அடுப்படிக்குப் பக்கத்திலேயே. முந்தின வருஷம் எங்கள் பின் தெருவில் அப்படி ஒரு வீட்டின் கூரை போனது. அதற்குப் பிறகு அந்த வீட்டம்மாவை நான் பார்த்தது தண்ணீர்க் குழாயடியில். இரண்டு கையும் முழங்கை வரை மெழுகு மாதிரி வழவழவென்று இருந்தது. குடத்தை இடுப்பில் ஏற்றிவிட இன்னொருத்தி வந்திருந்தாள். நான் பார்த்ததை அந்த அம்மா பார்த்துவிட்டார். நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

என் மகனுக்கு ஒரு கூட்டாளி உண்டு. அவன் அண்ணன் ஒரு கம்பெனிக்கு ஆள் ஏற்றி இறக்கும் வேன் ஓட்டினான். அவர்கள் வீட்டில் சீசன் நேரத்தில் திரி சுற்றுவதாகத் தெருவில் பேச்சு. உண்மையோ பொய்யோ, நான் அந்தப் பையனுக்குக் காப்பி கொடுக்கும்போதெல்லாம் டம்ளரை வாங்கும் கையைத்தான் பார்ப்பேன்.

புரட்டாசி பிறந்த சமயம். ஒரு நாள் சாயங்காலம் நான் பின்கட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் அவன் போனில் பேசுவது கேட்டது. குரலைத் தாழ்த்திப் பேசினான். அதனாலேயே காதைக் கொடுத்தேன்.

"பச்சையையும் கறுப்பையும் சேத்து முறுக்கிட்டேன்லே. அம்புட்டுதான் வேலை. மஞ்சள மொத்தமாக் கட்டணும். லோடு இல்லாம சும்மா விட்டா நிக்க மாட்டேங்கு. ஞாயித்துக்கெழம நீ சாமானக் கொண்டுக்கிட்டு வா, லோடு ஏத்திப் பாத்துருவோம். எங்கப்பா அன்னைக்கு இருக்க மாட்டாக."

மடித்த துணி மடியிலேயே கிடந்தது. பச்சை, கறுப்பு, முறுக்குவது. மஞ்சள் என்றால் எங்கள் ஊரில் கந்தகம். லோடு என்றால் லாரியில் ஏற்றுகிற சரக்கு. அதற்கு வேறு அர்த்தம் இருப்பதாக நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. ஒரு வரியில் எந்தப் பிழையும் இல்லாமல் எல்லாச் சொல்லும் அதனதன் இடத்தில் இருந்தது.

கணவரிடம் சொல்லவில்லை. போர்மேன் வீட்டு மாடியில் திரி என்று வெளியே தெரிந்தால் அவர் வேலை போகும், அது இரண்டாவது. முதலில் அவர் அந்த அறைப் பூட்டை உடைப்பார். உடைக்கிற உரசலில் ஒரு பொறி பறந்தால் போதும். நானாகவே அவனிடமிருந்து வார்த்தையைப் பிடுங்கிவிடலாம் என்று நினைத்தேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ரசத்தை ஊற்றியபடி கேட்டேன்.

"லோடுன்னா என்னலே?"

கை அப்படியே நின்றது. "எந்த லோடு?"

"சும்மா கேட்டேன்."

"அது எங்க பாடத்துல வரும்மா. கரண்டு சம்பந்தமா," என்று சொல்லிவிட்டுத் தட்டோடு எழுந்து போனான். நல்ல பொய் என்று நினைத்தேன். அவன் எனக்கு அந்த மாதத்தில் சொன்ன ஒரே உண்மை அதுதான் என்று அப்போது தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை கணவர் விருதுநகருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனார். என்னையும் கூப்பிட்டார், தலைவலி என்று இருந்துவிட்டேன். சீசன் என்பதால் தெருவில் பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போயிருந்தார்கள். மத்தியானம் அந்தக் கூட்டாளி மொபெட்டில் வந்தான். காலிடையே ஒரு சாக்குமூட்டை. இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கனம். என்னைப் பார்த்ததும் சாப்பிட்டீகளாம்மா என்று கேட்டான். சாக்கில் என்ன என்று கேட்டேன். பாடப் புஸ்தகம் என்றான். அவன் படிப்பை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

மாடியில் கதவு சாத்துகிற சத்தம். நான் படிக்கட்டில் பாதி ஏறுவேன், இறங்குவேன். போய்க் கதவைத் தட்டினால் பதறிப்போய் எதையாவது கீழே போட்டுவிடுவார்களோ என்று பயம். தட்டாமல் விட்டாலும் பயம். அடுப்பில் குழம்பு கொதிப்பது நினைவுக்கு வந்து, மேலே அது இருக்கக் கீழே நெருப்பா என்று ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். அணைத்த கையை அடுப்புத் திருகிலிருந்து எடுக்கவில்லை.

டும் என்றது.

ஒரே ஒரு தடவை. சத்தம் காதில் விழுந்ததைவிட நெஞ்சில் விழுந்தது. அலமாரியில் சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன. பிறகு ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாமைதான் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது. வெடித்த இடத்தில் முதலில் ஒரு சத்தம், பிறகு கொஞ்ச நேரம் அமைதி, அப்புறம்தான் ஆட்களின் குரல்.

எங்கள் ஊரில் சத்தம் கேட்டால் யாரும் காதைப் பொத்த மாட்டார்கள். வாசலுக்கு வந்து வானத்தைப் பார்ப்பார்கள். புகை எந்தப் பக்கம் எழும்புகிறது, அந்தப் பக்கம் எந்தக் கம்பெனி, அங்கே நம் ஆள் யார் என்று பார்ப்பார்கள். தெருக் கதவுகள் திறப்பது எனக்குக் கேட்டது. நான் வாசலுக்குப் போகவில்லை. என் கால் படிக்கட்டுக்கு அடியில் போனது. வாளியை எப்படித் தூக்கினேன், எப்படி ஏறினேன் என்பது இப்போதும் எனக்குத் தெரியவில்லை. கதவு சும்மா சாத்தியிருந்தது. காலால் தள்ளினேன்.

என் மகன் வெறுங்காலோடு தரையில் உட்கார்ந்திருந்தான். முழுசாக இருந்தான். அவன் முன்னால் மூடியில்லாத ஒரு தகர டப்பா. அதிலிருந்து மஞ்சளும் கறுப்புமாகக் கொத்துக் கொத்தாக எதுவோ வெளியே வந்து கிடந்தது. பச்சையும் கறுப்பும் முறுக்கியபடி தனியாக நீட்டிக்கொண்டிருந்தது. அவன் கை அதன் மேலேயே இருந்தது. நான் வாளியைத் தோளுக்கு மேலே தூக்கிவிட்டேன்.

"எம்மா, ஊத்திராத. கரண்டு."

கத்தவில்லை. சொன்னான். அந்தக் கடைசிச் சொல்தான் என் கையை நிறுத்தியது. ஆனால் தண்ணீருக்குச் சொல் கேட்காதே. வாளி பாதியில் ஆடி, விளிம்பிலிருந்து தண்ணீர் தளும்பித் தரையில் விழுந்து, அறையின் சரிவில் ஓடியது. சரிவின் முடிவில், தரையில், ஒயர் செருகிய பலகை ஒன்று கிடந்தது. என் கணவர் பார்த்தால் சாப்பிடாமல் இருந்திருப்பாரே, அந்த மாதிரிப் பலகை. அதைத் தாண்டி என் மகனின் பாதம். சாக்குமூட்டைக்காரன் ஒரு எட்டில் சுவர்ப் பக்கம் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினான். பிடுங்கிய பிறகும் அதைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றான். தண்ணீர் பலகையைச் சுற்றிப் போய்ச் சுவரோரம் தேங்கியது.

மூன்று பேரும் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கீழே தெருவில் குரல்கள் கூடியிருந்தன. எந்தப் பக்கம், எந்தப் பக்கம் என்று. என் மகன்தான் முதலில் எழுந்து வெளியே கைப்பிடிச் சுவரோரம் போய் எட்டிப்பார்த்தான். எல்லா முகமும் மேலே பார்த்தபடி இருந்தது. எதிர்வீட்டம்மா நடுத்தெருவில் நெஞ்சில் கை வைத்து நின்றாள். என்னை மதினி என்றும் என் கணவரை அண்ணன் என்றும் கூப்பிடுகிறவள். அவள் மகள் அன்றைக்குப் பட்டாசுக்குத் தாள் சுற்றும் வேலைக்குப் போயிருந்தாள்.

"அத்தை, ஒண்ணுமில்ல," என்றான் என் மகன். "பாட்டுப் போட்டேன்."

அவள் நெஞ்சிலிருந்து கையை எடுத்தாள். பிறகு, "பாட்டுன்னா ஒரு வாயி இருக்கும்லே மருமகனே. இது வெறும் இடியால்ல இருக்கு?" என்றாள். தெரு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அன்றைக்குச் சாயங்காலம் அவன் எனக்கு விளக்கிச் சொன்னான். கூட்டாளியின் அண்ணன் ஓட்டிய வேனில் பாட்டுக்காக மாட்டியிருந்த ஆம்ப்ளிபையரையும் ஸ்பீக்கரையும் முதலாளி கழற்றச் சொல்லிவிட்டாராம்; சாக்கில் வந்தது அதுதான். வண்டி பேட்டரியில் ஓடுகிற சாமான் அது; வீட்டு மின்சாரத்தில் நேரே கொடுத்தால் புகைந்துபோகும். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் அந்த டப்பா வீட்டு மின்சாரத்தை வாங்கி, மஞ்சள் கம்பியில் பேட்டரி அளவுக்குக் குறைத்துக் கொடுக்கும். ஆனால் கம்ப்யூட்டர் இல்லாமல் தானாக எழும்பாது. பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் சேர்த்தால்தான் சுவிட்ச் போட்ட மாதிரி. அதற்குப் பிறகும் இழுத்துக்கொள்ள ஏதாவது இருக்க வேண்டும், ஒரு வண்டி பல்பாவது. அந்த இழுவைக்குப் பெயர்தான் லோடு. பாட்டில் கொட்டுச் சத்தம் வந்ததும் ஆம்ப்ளிபையர் ஒரேயடியாக இழுத்தது, டப்பாவால் கொடுக்க முடியாமல் அதுவே அணைந்துகொண்டது. ஒரு டும், பிறகு அமைதி. கையில் இருந்த கறுப்பு, ஒயர் சுற்றும் டேப்பின் பசை. வாடை, ஒயரை ஒட்டவைக்க ஈயம் உருக்கியதால் வந்தது. குளித்தது அப்பாவின் மூக்குக்காக.

ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்துவிட்டு, "நான் திரி சுத்துறேன்னா நெனச்ச?" என்று கேட்டான்.

"ஆமா," என்றேன்.

அவன் விரலில் ஒட்டியிருந்த பசையைத் தேய்க்க ஆரம்பித்தான். கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். நான் அந்த விளக்கத்தையும் அச்சுத்தாளைப் பார்ப்பது போலத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கேயாவது ஒரு பிழை இருக்கிறதா என்று தேடிக்கொண்டு.

கணவருக்கு ஊரே சொல்லிவிட்டது. வீட்டுக்கு வந்தவர் நேரே மாடிக்குப் போனார். தொடர்ந்து போனேன். டப்பாவைக் குனிந்து பார்த்தார், தொடவில்லை. சத்தம் எவ்வளவு தூரம் கேட்டது என்று விசாரித்தார். பலகையைத் தரையில் இருந்து எடுத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டச் சொன்னார். டப்பாவுக்கு மூடி போடச் சொன்னார். கடைசியாக ஒன்று சொன்னார்: பாட்டுப் போட வேண்டுமானால் போடலாம், ஆனால் ஒவ்வொரு தடவையும் அதற்கு முன்னால் தெரு முழுக்க வீட்டு வாசலில் நின்று சொல்லிவிட்டு வந்துதான் போட வேண்டும்.

அப்படித்தான் எங்கள் தெருவில் ஒரு புது வழக்கம் ஆரம்பமானது. ஞாயிற்றுக்கிழமைகளில் என் மகன் வாசல் வாசலாகப் போவான். "அத்தை, பாட்டுப் போடப் போறேன்." "சித்தி, இன்னைக்கு இடி உண்டு." அவர்களும் உள்ளே இருந்தபடியே, போடு போடு என்பார்கள். எதிர்வீட்டம்மா மட்டும் வெளியே வந்து, எத்தனை இடி என்று கேட்டுக்கொள்வாள். டப்பா அடிக்கடி அணைந்துபோகும் என்பதால் அவனாலும் சரியாகச் சொல்ல முடியாது. முதல் கொட்டுக்கு நான் ஒவ்வொரு தடவையும் அலமாரியைக் கையால் பிடித்துக்கொள்வேன், டம்ளர் ஆடாமல் இருக்க.

ஐப்பசியில் தீபாவளி வேலை உச்சத்தில் இருந்தது. அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை. கணவரும் எதிர்வீட்டம்மாவின் மகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். நான் அடுப்படியில் இருந்தேன். டம்ளர்கள் கிணுகிணுத்தன.

இந்தத் தடவை நான் வாளியைத் தேடவில்லை. அட, சொல்லாமல் போட்டுவிட்டானே என்று எரிச்சலோடு வாசலுக்கு வந்தேன். தெருவில் எல்லோரும் வந்திருந்தார்கள். யாரும் வானத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் எங்கள் மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மருமகனே, சொல்லாமப் போட்டுட்டியாலே?" என்று எதிர்வீட்டம்மா மாடியைப் பார்த்துக் கேட்டாள். பாதிச் சிரிப்பு அந்தக் குரலில் இருந்தது.

மாடியிலிருந்து பதில் இல்லை. அவன் கீழேதான் இருந்தான். எங்கள் வாசலில், எனக்கு ஒரு கை தூரத்தில், சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் செயின் மாட்டிக்கொண்டிருந்தான். கையெல்லாம் கிரீஸ். கண்ணெதிரே பார்த்துக்கொண்டே அவனிடம் கேட்டேன்.

"நீதானாலே?"

"நான் இல்லம்மா."

"மேல எதையாவது போட்டு விட்டுட்டு வந்தியா? தானா எழும்பிருச்சா?"

அவன் என் முகத்தையே பார்த்தான். "நான் இல்லம்மா," என்றான் மறுபடி, இன்னும் மெதுவாக. அந்த ஆண்டில் நான் அவனை எத்தனையோ தடவை நம்பாமல் இருந்திருக்கிறேன். அன்றைக்குப் போல ஒருநாளும் அவன் பொய் சொல்ல வேண்டும் என்று விரும்பியதில்லை. எதிர்வீட்டம்மாவும் அவனையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தெருக்கோடியில் யாரோ தெற்கே எழும்பும் புகையைக் கை காட்டினார்கள்.

கணவர் அன்றைக்கு இருட்டிய பிறகு வந்தார். குளித்தார். உட்கார்ந்தார். வெடித்தது அவர் கம்பெனி இல்லை. எதிர்வீட்டம்மாவின் மகளும் வேனில் வந்து இறங்கினாள். எங்கள் தெருவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மற்றத் தெருக்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

மறுநாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது என் மகன் மாடியிலிருந்து டப்பாவை இறக்கிக் கொண்டுவந்தான். கம்ப்யூட்டரைத் திறந்து, அந்தச் சதுர ஓட்டையில் அதை வைத்துத் திருகினான். பச்சையும் கறுப்பும் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் வளைந்து கிடந்தன. ஆசையாகச் செய்ததை ஏன் கழற்றுகிறாய், அப்பாதான் அனுமதித்துவிட்டாரே என்று கேட்டேன்.

"நேத்து தெருவே நம்ம மாடியப் பாத்துக்கிட்டு நின்னுச்சும்மா," என்றான், திருகிலிருந்து கண்ணை எடுக்காமல். "நெசமாவே சத்தம் வரையில, இவன்தான்னு நெனச்சு யாராச்சும் வீட்டுக்குள்ளயே இருந்துட்டா?"

கம்ப்யூட்டர் ஓடியது. வைரஸ் எதுவும் இல்லை. அவன் இப்போது ஓசூரில் வேலையில் இருக்கிறான். எங்கள் தெரு வழியாக யாராவது காரில் பாட்டை அலறவிட்டுப் போனால் டம்ளர்கள் இன்றைக்கும் கிணுகிணுக்கின்றன. நான் வாசலுக்கு வருகிறேன். எதிர்வீட்டம்மாவும் வருகிறாள். இருவரும் முதலில் மாடியைத்தான் பார்க்கிறோம். அங்கே யாரும் இல்லை என்று தெரிந்தும் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் வானத்தைப் பார்க்கிறோம்.